இடிக்குமுன் படித்தல்



இலக்கிய வட்டத்தின் மேடையில் பழைய வீட்டை இடிப்பது பற்றிய பேச்சா என்று அவையோரில் சிலர் எண்ணக்கூடும். கட்டுதல் என்னும் சொல் வீட்டுக்கும் பாட்டுக்கும் பொதுவானது. பாட்டுக் கட்டுவதைப் பற்றிப் பத்தாண்டுகள் பேசிய ஓர் அவை, கட்டியதைக் கலைப்பது பற்றியும் ஒரு மாலைப் பொழுது கேட்பதில் தவறில்லை.

கலைப்பதற்குத் தமிழில் சொற்கள் பல உள்ளன. கூரையைப் பிரிப்பார்கள், ஓடுகளை இறக்குவார்கள், காரையைக் கொத்துவார்கள், கதவு நிலையைப் பெயர்ப்பார்கள், சுவரை இடிப்பார்கள். ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு கைப்பழக்கத்தைக் காட்டுகிறது. பிரிப்பவர் பொருளைக் காப்பாற்றிக்கொண்டு கலைக்கிறார். இடிப்பவருக்கு அந்தக் கவலை இல்லை. எனினும் இடித்தல் என்னும் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. நன்மையை நாடிக் கடிந்து கூறுவதையும் இடித்துரைத்தல் என்றே தமிழ் வழங்குகிறது. பழைய வீடு தன்னை இடிக்க வருபவரை இடித்துரைப்பது எவ்வாறு என்பதே இப்பேச்சின் பொருள். அதற்குச் சான்றாக அமெரிக்காவின் பழைய மரவீடுகளும், அவற்றைத் தம் கையாலேயே கலைத்துப் புதுக்கிக்கொள்ளும் வீட்டுக்காரர்களும் எடுத்துக்கொள்ளப்படுகின்றனர். அந்நாட்டில் இது பரவலான வழக்கம்.

வால்டன் குளக்கரையில்

தம் கையால் ஒரு வீட்டைப் பிரித்த எழுத்தாளர் என்றால் முதலில் நினைவுக்கு வரத்தக்கவர் ஹென்றி டேவிட் தோரோ. 1845ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்டு ஊரை அடுத்த வால்டன் குளக்கரையில் அவர் ஒரு குடில் கட்டத் தொடங்கினார். நிலம் அவருடைய நண்பர் எமர்சனுக்கு உரியது. சட்டங்களுக்கு வேண்டிய பைன் மரங்களை அவரே கோடரியால் வெட்டிச் செதுக்கினார். பலகைக்கு வேறு வழி தேடினார். ஃபிட்ச்பர்க் இருப்புப்பாதையில் வேலை பார்த்த ஜேம்ஸ் காலின்ஸ் என்னும் அயர்லாந்துக்காரரின் குடிசையை 4 டாலர் 25 சென்ட்டுக்கு விலை பேசினார். மறுநாள் காலை ஐந்து மணிக்குக் காலின்ஸ் குடும்பம் வெளியேற வேண்டும். ஆறு மணிக்குக் குடிசை தோரோவின் கைக்கு வரும் என்பது ஒப்பந்தம். ஆறு மணிக்கு அவர் அக்குடும்பத்தை வழியில் கண்டார். படுக்கை, காப்பிக்கொட்டை அரைக்கும் பொறி, முகம் பார்க்கும் கண்ணாடி, கோழிகள் ஆகிய அவர்களுடைய உடைமை யாவும் ஒரே மூட்டையில் அடங்கிவிட்டன. பூனை மட்டும் காட்டுக்குள் ஓடிவிட்டது.

அன்று காலையே தோரோ குடிசையைப் பிரித்தார். ஆணிகளைப் பிடுங்கினார். பலகைகளைச் சிறு வண்டிப் பாரங்களாகக் குளக்கரைக்குக் கொண்டுசென்று, வளைந்தவை வெயிலில் நிமிரட்டும் என்று புல்லின்மேல் பரப்பினார். வண்டி போய்வரும் இடைவேளைகளில் நேரான ஆணிகளை அண்டையில் இருந்த ஒருவர் தம் பைக்குள் போட்டுக்கொண்டார். அதையும் 1854இல் வெளிவந்த 'வால்டன்' நூலில் தோரோ விடாமல் எழுதினார். ஆணிக்கு விலை இருந்த காலம் அது. குடிலுக்கு ஆன மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட். அதில் ஆணிக்கு மட்டும் 3 டாலர் 90 சென்ட். பலகைக்கு 8 டாலர் 3½ சென்ட் ஆயிற்று. ஆயிரம் செங்கற்களும் இரண்டு சன்னல்களும் பழையனவாகவே வாங்கப்பட்டன.

இதில் கருதத்தக்கவை இரண்டு. முதலாவது, அவர் கலைத்த முறை. எந்தப் பலகை மீண்டும் உதவும், எது உதவாது என்று பார்த்துப் பார்த்துக் கலைத்தார். இரண்டாவது, அவர் கலைத்தது ஒரு குடும்பத்தின் வீடு என்பதை மறைக்கவில்லை. பூனை வரையில் எழுதிவைத்தார். அவ்வாறு எழுதியிராவிட்டால் காலின்ஸ் குடும்பம் அக்காட்டில் குடியிருந்ததை இன்று எவரும் நினைக்க வழியில்லை.

தோரோவின் குடிலும் நிலைக்கவில்லை. 1847 செப்டம்பரில் அவர் அதைவிட்டு வெளியேறினார். பின்னர் அது கைமாறி, ஊரின் மறுபுறத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் தானியம் சேர்த்துவைக்கும் இடமாயிற்று, 1868இல் பிரிக்கப்பட்டது. குளக்கரையில் அது நின்ற இடத்தை ரோலண்ட் ராபின்ஸ் என்பவர் 1945இல் தோண்டிக் கண்டறிந்தார். எஞ்சியிருந்தது புகைபோக்கியின் அடித்தளம். ஆயினும் குடிலின் கணக்கு, ஆணி வரையில், நூலில் இருந்தது.

ஆணியும் சட்டமும்

தோரோவின் காலத்திலேயே அமெரிக்காவில் வீடு கட்டும் முறை மாறிக்கொண்டிருந்தது. பழைய முறையில் தடித்த தூண்களையும் உத்திரங்களையும் துளையும் நாக்குமாகச் செதுக்கிப் பொருத்துவார்கள். அதற்குக் கைதேர்ந்த தச்சர்கள் பலர் வேண்டும். 1830களில் சிகாகோ நகரில் வேறொரு முறை பரவத் தொடங்கியது. மரமறுக்கும் ஆலையில் அறுத்த மெல்லிய சட்டங்களை நெருக்கமாக நிறுத்தி, இயந்திரத்தால் செய்த ஆணிகளை அடித்து முடுக்கிவிடுவது அம்முறை. அதற்குப் 'பலூன் சட்டகம்' என்று பெயர் வழங்கியது. சட்டங்களுக்கு இடையே 16 அங்குலம் விடுவது நாளடைவில் பொது வழக்காயிற்று. நுட்பத் தச்சு வேலை தெரியாதவரும் ஓரிருவர் துணையோடு ஒரு வீட்டை எழுப்பிவிடலாம் என்னும் நிலை உண்டாயிற்று.

எழுப்புவது எளிதானபோது கலைப்பதும் எளிதாயிற்று. சுத்தியலும் ஆணி பிடுங்கும் கம்பியும் இருந்தால் எவரும் தம் வீட்டுச் சுவரைத் திறந்துவிடலாம். கூலி மிகுந்த நாட்டில் இது பெரிய சிக்கனம். தன் வீட்டைத் தானே திருத்திக்கொள்வதில் ஒரு பெருமிதமும் சேர்ந்துகொண்டது. ஆகவே வார இறுதி நாட்களில் அலுவலக எழுத்தரும் ஆசிரியரும் சம்மட்டியோடு சமையலறைச் சுவருக்குமுன் நிற்கும் காட்சி அங்கே இயல்பானது. கருவி எளிதில் கிடைத்துவிடுகிறது. சுவரைப் பற்றிய அறிவு அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. இடர் தொடங்குவது அங்கேதான்.

சுவருக்குள் இருப்பவை

பழைய சுவரின் மேற்பரப்பு ஒரு நூலின் அட்டையைப் போன்றது. அதைத் திறந்தால் முதலில் தெரிவது காரை. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அட்டைப் பலகை போன்ற ஜிப்சம் தகடுகள் பெருகும்வரை, உட்சுவர்களில் ரீப்பர் போன்ற மெல்லிய மரக்கீற்றுகளைச் சிறு இடைவெளி விட்டு வரிசையாக அடித்து, அவற்றின்மேல் சாந்து பூசுவதே வழக்கமாக இருந்தது. பூசும்போது சாந்து இடைவெளி வழியே பின்பக்கம் பிதுங்கி, வளைந்து, கீற்றுகளைக் கவ்விக்கொள்ளும். காரையைச் சுவரில் நிறுத்துவது அந்தக் கவ்வல்தான். வெடிப்பு விழாதிருக்கச் சாந்தில் விலங்கு மயிர் கலப்பார்கள். தோரோவின் கணக்கிலும் மரக்கீற்று, சுண்ணாம்பு, மயிர் ஆகிய மூன்றும் இடம்பெறுகின்றன. மயிருக்கு ஆன செலவு 31 சென்ட். தேவைக்கு அதிகமாக வாங்கிவிட்டதாகவும் குறித்திருக்கிறார்.

ஓரிடத்தில் சம்மட்டியால் அடித்தால் அதிர்ச்சி சுவர் நெடுகப் பரவும். கண்ணுக்குத் தெரியாமல் பின்புறத்துக் கவ்வல்கள் முறியும். காப்பாற்ற எண்ணிய பக்கத்துக் காரையும், சில வேளை தலைக்கு மேலுள்ள கூரைக் காரையும் பெயர்ந்து விழும். அதனால் பழகியவர்கள் முதலில் எல்லைக் கோடு கிழித்து, அக்கோட்டில் காரையை அறுத்துப் பிரித்துவிட்டு, பிறகே எஞ்சியதைச் சிறிது சிறிதாகப் பெயர்க்கிறார்கள்.

காரைக்குப் பின்னால் மின்கம்பிகள் இருக்கும். 1880களிலிருந்து 1940கள் வரை பல வீடுகளில் பீங்கான் குமிழ்களில் பிணைத்தும், மரச்சட்டங்களில் துளையிட்டுச் செருகிய பீங்கான் குழாய்களின் வழியே இழுத்தும் கம்பிகளைக் கொண்டுசென்றார்கள். நூறாண்டு கடந்த கம்பியிலும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கக்கூடும். மின்சாரத்தைத் தலைமைப் பெட்டியில் நிறுத்தி, சோதனைக் கருவியால் சரிபார்க்காமல் சுவரில் கடப்பாரையை நுழைப்பவர் உயிரைப் பணயம் வைக்கிறார். தண்ணீர்க் குழாயும் எரிவாயுக் குழாயும் அச்சுவருக்குள்ளேயே செல்லக்கூடும்.

அடுத்து வருபவை வாழ்ந்தவர்களின் சுவடுகள். குளிர் புகாதிருக்க அடைத்த செய்தித்தாள்கள், பழைய சுவர்த்தாள்களின் அடுக்குகள், தச்சர் பென்சிலால் எழுதிய அளவுகள் ஆகியவை கிடைக்கும். குளியலறைச் சுவரைத் திறந்தவர்கள் துருப்பிடித்த சவர பிளேடுகளின் குவியலைக் கண்டு திகைப்பதுண்டு. சுவரில் பதித்த மருந்துப் பெட்டியின் பின்புறத்தில், தேய்ந்த பிளேடுகளைப் போடுவதற்கென்றே ஒரு சிறு பிளவு இருக்கும். போட்டவை சுவருக்குள் விழுந்து கிடக்கும். ஒரு தலைமுறையின் காலைப் பொழுதுகள் அங்கே குவிந்திருக்கின்றன எனலாம். அக்குவியலில் வெறுங்கையை விடக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பழைய வீடுகளின் புகைபோக்கியருகிலும் சுவர்களுக்குள்ளும் தேய்ந்த காலணிகள் கிடைத்திருக்கின்றன. செருப்புத் தொழிலுக்குப் பேர்போன இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன் நகர அருங்காட்சியகம் இத்தகைய கண்டெடுப்புகளுக்கென ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. வைத்தவர்கள் காரணம் எழுதிவைக்கவில்லை. வீட்டுக்குத் தீங்கு அணுகாதிருக்க வைத்தார்கள் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இடித்த வீட்டுக்காரர்கள் அக்காலணிகளைக் குப்பை என்று எறியாமல் தெரிவித்ததால்தான் அந்தப் பதிவேடு வளர்ந்தது.

தாங்கும் சுவர்

சுவர்களில் இரு வகை உண்டு. ஒன்று அறையைப் பிரிப்பதற்காக நிற்பது. மற்றொன்று மேலுள்ள பாரத்தைத் தாங்கி நிற்பது. பூச்சுக்கு வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். தடித்த சுவர் தாங்கும், மெல்லிய சுவர் தாங்காது என்ற கணிப்பு மரவீட்டில் செல்லாது.

அதை அறிவதற்குச் சில குறிகள் உள்ளன. மேல்தளத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் எத்திசையில் ஓடுகின்றன என்று முதலில் பார்க்க வேண்டும். அவற்றுக்குக் குறுக்காக, வீட்டின் நடுப்பகுதியில் நிற்கும் சுவர் பெரும்பாலும் தாங்கும் சுவராக இருக்கும். சட்டங்களின் முனைகள் ஒரு சுவரின்மேல் வந்து ஒன்றின்மேல் ஒன்று படிந்திருந்தால் ஐயமே வேண்டாம். நிலவறைக்குச் சென்று அச்சுவருக்கு நேர்கீழே உத்திரமோ தூணோ இருக்கிறதா என்றும், மாடிக்குச் சென்று நேர்மேலே இன்னொரு சுவர் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இக்குறிகள் ஐயத்தை எழுப்பப் போதுமானவை. முடிவு சொல்லக் கட்டடப் பொறியாளர் வேண்டும். அத்தகைய சுவரை எடுப்பதென்றால் இருபுறமும் தற்காலிக முட்டுக் கொடுத்து, அதன் இடத்தில் பாரத்துக்கு ஏற்ற உத்திரம் வைத்து, அந்த உத்திரத்தின் பாரம் தரைவரை சென்று சேரவும் வழி செய்தாக வேண்டும்.

தாங்கும் சுவரை எடுத்த வீடு எப்போதும் அன்றே விழுந்துவிடுவதில்லை. மேல்தளம் மெல்லத் தொய்யும். கதவுகள் நிலையில் பொருந்தாமல் உரசும். காரையில் கோணல் வெடிப்புகள் தோன்றும். இடித்தவர் வீட்டை விற்றுவிட்டுப் போயிருப்பார். விளைவு அடுத்து வந்தவருடையது.

பலூன் சட்டகத்தில் இன்னொரு குறையும் உண்டு. அதன் நிலைச்சட்டங்கள் அடித்தளத்திலிருந்து கூரைவரை இடையறாமல் செல்கின்றன. இடைப்பட்ட வெற்றிடத்தில் தடை இல்லையெனில், கீழே பற்றிய தீ புகைபோக்கியில் ஏறுவதுபோல் மேலே ஏறிவிடும். சுவரைத் திறந்த வேளையில் அவ்விடங்களில் மரத்துண்டுகளைத் தடுப்பாக அடித்துவைப்பது, இடிப்பவர் அவ்வீட்டுக்குச் செய்யக்கூடிய பெரிய நன்மை.

கண்ணுக்குப் புலப்படாத தூசி

விழும் சுவரைக் கண்டு விலகலாம். மூச்சில் கலக்கும் தூசியைக் கண்டு விலக இயலாது. பழைய வீட்டின் தூசியில் இரண்டு நஞ்சுகள் இருக்கக்கூடும்: ஒன்று காரீயம், மற்றொன்று கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ்.

காரீயம் கலந்த வண்ணப்பூச்சு நீடித்து உழைக்கும் என்று பெயர் வாங்கியது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பகுதியில் குழந்தைகளுக்கு ஏற்பட்ட காரீய நஞ்சின் மூலம் எது என்று தேடிய கண் மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன், அது வீட்டுச் சுவர்களிலும் தாழ்வாரக் கைப்பிடிகளிலும் பூசிய வண்ணமே என்று 1904இல் எழுதினார். வெயிலில் பொடிந்த பூச்சு குழந்தைகளின் கையில் ஒட்டி வாய்க்குள் போயிற்று. 1921இல் ஜெனீவாவில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு, கட்டடங்களின் உட்பூச்சில் ஈய வெள்ளையைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஒன்றை நிறைவேற்றியது. அமெரிக்கா அதனை ஏற்கவில்லை. அந்நாட்டில் வீட்டு வண்ணங்களில் காரீயம் தடை செய்யப்பட்டது 1978இல்தான். கிப்சனின் எச்சரிக்கைக்கும் அத்தடைக்கும் இடையே 74 ஆண்டுகள். அவ்வளவு காலத்துப் பூச்சும் அடுக்கடுக்காகச் சுவர்களில் இருக்கின்றது.

அடுக்குகள் சிதையாமல் இருக்கும்வரை தீங்கு குறைவு. சுரண்டினாலும் தேய்த்தாலும் இடித்தாலும் அவை நுண்தூசியாகித் தரையில் படிகின்றன. தவழும் குழந்தை அதைத் தொட்ட கையை வாயில் வைக்கிறது. காரீயம் வளரும் மூளையைத் தாக்கும். கற்கும் ஆற்றலைக் குறைக்கும். அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் குழந்தைகளின் இரத்தத்தில் கவலைக்குரியதாகக் கொண்ட அளவு 1991இல் ஒரு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம், 2012இல் 5, 2021இல் 3.5. அளவு இறங்கிக்கொண்டே வந்ததன் காரணம், தீங்கில்லாத அளவு என்று ஒன்று காணப்படவில்லை என்பதே.

2010 ஏப்ரல் முதல் அந்நாட்டில் ஒரு விதி நடைமுறையில் உள்ளது. 1978க்கு முன் கட்டிய வீட்டில் கூலிக்கு வேலை செய்யும் ஒப்பந்ததாரர், ஓர் அறையில் 6 சதுர அடிக்கு மேற்பட்ட பூச்சைக் கலைப்பதானால், அதற்குரிய பயிற்சியும் சான்றும் பெற்றிருக்க வேண்டும். இடத்தைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடித் தூசி வெளியேறாமல் தடுக்க வேண்டும். முடிந்தபின் முறையாகத் துப்புரவு செய்ய வேண்டும். ஆனால் தாம் குடியிருக்கும் சொந்த வீட்டில் தாமே வேலை செய்பவரை அவ்விதி கட்டுப்படுத்தாது. கூலிக்கு வந்த அயலார் ஒரு குழந்தையின் அறையில் செய்யக்கூடாத ஒன்றை, அக்குழந்தையின் தந்தை செய்தால் தடுக்க அவ்விதிக்கு அதிகாரம் இல்லை. தூசி இருவர் கையிலும் ஒன்றே.

கல்நாரின் கணக்கு வேறு. குழாய்களைச் சுற்றிய உறை, 9 அங்குலச் சதுரத் தரைவில்லைகள், சுவர்த் தகடுகளின் இணைப்பை மறைக்கும் பசை, கூரைப் பூச்சு எனப் பலவற்றில் அது கலந்திருந்தது. மோன்டானா மாநிலத்து லிபி என்னும் ஊரில் 1990 வரை தோண்டிய வெர்மிகுலைட் தாதுவில் கல்நார் கலந்திருந்தது. அது பரண்களில் குளிர்காப்பாகக் கொட்டப்பட்டது. கல்நார் இழையைச் சுவாசித்தவருக்கு நோய் வெளிப்படப் பல பதிற்றாண்டுகள் ஆகலாம். ஒரு சனிக்கிழமை பிற்பகலில் செய்த வேலைக்கும் அதன் விளைவுக்கும் இடையே ஒரு வாழ்நாளின் பாதி சென்றிருக்கும். கண்ணால் பார்த்துக் கல்நார் என்று உறுதி சொல்ல இயலாது. மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பியே அறிய வேண்டும். இருப்பது உறுதியானால் அதை எடுக்கும் பணியைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை.

காரீயத்தைப் பொறுத்தவரை வீட்டுக்காரர் செய்யக்கூடியவை உண்டு. வேலை தொடங்குமுன் பூச்சைச் சோதித்துப் பார்க்கலாம். குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் வேலை முடியும்வரை அப்பால் இருக்கச் செய்யலாம். உலர்ந்த பூச்சைத் தேய்க்காமல் நீர் தெளித்து நனைத்து எடுக்கலாம். நுண்துகளை வடிக்கும் 'ஹெப்பா' வடிகட்டி பொருத்திய உறிஞ்சியால் தூசியை எடுத்து, ஈரத்துணியால் துடைக்கலாம். வேலையின்போது அணிந்த உடையைத் தனியே துவைக்கலாம். இவற்றைச் செய்யும்படி எவரும் அவரை வற்புறுத்த மாட்டார்கள். செய்தாரா என்று எவரும் வந்து பார்க்கவும் மாட்டார்கள்.

கவிஞர்க்கு உரியது

இந்த இடத்தில் வீட்டுக்காரரும் கவிஞரும் ஒரே நிலையில் நிற்கிறார்கள். யாப்பை உடைப்பவரைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. உரிமை முழுமையானது, அதனால் பொறுப்பும் முழுமையானது. வெண்பாவும் விருத்தமும் சிந்தும் கைவரப்பெற்ற பாரதியார்தான் வசன கவிதையையும் எழுதினார். எந்தச் சுவர் தாங்குகிறது, எது அறையை மறைக்க மட்டுமே நிற்கிறது என்று அறிந்த கை அது. அவருக்குப்பின் வந்த சிலர், சுவர்களே வேண்டாம் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் தள்ளினர். வேறு சிலர், ஒரு செங்கல்லையும் தொடலாகாது என்று காவல் நின்றனர். இரு சாராரும் நிலவறைக்கு இறங்கிச் சென்று உத்திரம் எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை.

பழைய வீட்டில் காக்க வேண்டியதும் உண்டு. கழிக்க வேண்டியதும் உண்டு. பிள்ளையின் இரத்தத்தில் கலக்கும் காரீயத்தைத் தொன்மை என்று போற்ற இயலாது. மரபிலும் அத்தகைய பூச்சுகள் உள்ளன. பிறப்பால் மனிதரைத் தாழ்த்தியும் பெண்ணைப் பழித்தும் பாடிய அடுக்குகளைக் கழித்தே ஆக வேண்டும். அதையும் தூசி கிளப்பாமல், அடுத்த தலைமுறையின் மூச்சில் சேராமல் கழிப்பதற்குப் பொறுமை வேண்டும். சினத்தோடு சுரண்டினால் அந்த நஞ்சே வீடெங்கும் பரவும்.

மரவீடுகளைப் புதுக்குவோரிடம் ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்து சுவரை மீண்டும் மூடுமுன், உள்ளிருக்கும் சட்டம் ஒன்றில் தம் பெயரையும் அன்றைய தேதியையும் பென்சிலால் எழுதிவைப்பார்கள். சிலர் தாம் எந்தச் சுவரை எடுத்தோம், எந்த உத்திரத்தை வைத்தோம் என்றும் குறிப்பார்கள். அக்குறிப்பை அவ்வீட்டில் குடியிருப்போர் எவரும் காணப்போவதில்லை. ஐம்பதாண்டோ நூறாண்டோ கழித்துச் சுவரைத் திறக்க வரும் ஒருவருக்காக அது எழுதப்படுகிறது. அவர் சம்மட்டியை ஓங்குமுன் அதைப் படிக்க நேர்ந்தால், எழுதியவரின் உழைப்பு வீண்போகவில்லை.

பத்தாண்டு மலர் ஒன்றை வெளியிடும் இவ்வட்டமும் அத்தகைய ஒரு குறிப்பையே எழுதிவைக்கிறது. எதைக் கழித்தோம், எதை நிறுத்தினோம் என்னும் விவரம் அதில் தெளிவாக இருக்கட்டும்.